மூணு கோப்பை தேத்தண்ணி

எரிஞ்சு கரியாக் கெடக்குற வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, "அம்மா, ஒரு தேத்தண்ணி கெடைக்குமா?"ன்னு கேட்டாரு அந்த இன்சூரன்ஸ் பையன்.

எனக்கு வந்திச்சு பாருங்க ஆத்திரம்.

எங்க ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துல ஒரு சித்தப்பா இருந்தாரு. செத்த வீட்டுக்குப் போனாலும் "சீனி கொஞ்சம் கூடப் போடுங்க"ம்பாரு. அவரு செத்த அன்னிக்கு வீட்டுல சீனியே இல்ல. அது கெடக்கட்டும்.

எரிஞ்சது மஸாஹிரா வீடு. கண்டிப் பக்கம் குண்டசாலையில எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் போய் நாலு வருஷம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. முன் ரூம்ல மெஷின் போட்டு பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிற புள்ள. வெள்ளிக்கெழம பகல் வயர் எரிஞ்சு அந்த ரூம் அப்படியே போயிருச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல, அது தெய்வ புண்ணியம்.

இன்சூரன்ஸ் இருந்திச்சு. போட்டுக் குடுத்தது இந்த அகீல் தம்பிதான். அப்பதான் பரீட்ச பாஸ் பண்ணி லைசன் எடுத்த ஏஜன்ட். இன்னிக்கு, திங்கக்கெழம, நஷ்டம் எழுதுற போமோட வந்திருந்தாரு. அந்தப் பணம் வந்தாத்தான் மஸாஹிரா திருப்பி மெஷின் மிதிக்கலாம்.

"எத்தின மெஷின் ஈந்திச்சு தாத்தா?"ன்னு கேட்டாரு.

அவங்க பக்கம் இருந்திச்சுங்கிறத ஈந்திச்சும்பாங்க, அக்காவத் தாத்தான்னு கூப்புடுவாங்க. மொதல் தடவ கேட்டப்ப யாரோ கெழவரத் தேடுறாங்கன்னு நெனச்சேன் நான்.

மஸாஹிரா என்னப் பாத்துச்சு. நான் அகீலுக்குப் பின்னால நின்னு அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டினேன்.

இருந்தது மூணுதான். ஆனா பேராசையில இல்லீங்க. எண்பது புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல குடுத்த வெள்ளத் துணி, தைக்கிறதுக்குக் குடுத்தது, எல்லாம் சாம்பல். பள்ளிக்கூடம் தொறக்க ஒரு மாசம். அந்தத் துணிய யாரு குடுக்கிறது? அதான் காலையிலேயே சொல்லி வச்சேன்: "கண்டி மார்க்கட்டுல பேரம் பேசுறதில்லியா? அஞ்சுன்னு சொல்லு. அப்பதான் கொறச்சுக் குடுத்தாலும் துணிக்கும் சேத்துக் காணும்."

"அஞ்சு"ன்னு மெதுவாச் சொல்லிச்சு மஸாஹிரா.

"பாலிசி போட வந்த நேரம் மூணுதானே ஓடிச்சு?"

"அதுக்குப் பொறகு ரெண்டு வாங்கினிச்சு தம்பி. நானே கூடப் போனேன்"னு நான்தான் சொன்னேன்.

அகீல் போமப் பாத்தாரு. பேனா சட்டப் பையிலதான் இருந்திச்சு. திரும்பி என்னப் பாத்து சிரிச்சாரு. அப்பதான் கேட்டாரு அந்தத் தேத்தண்ணிய.

அங்க கரண்ட வெட்டிட்டாங்க. என் வீட்டுக்குப் போய் ஊத்திக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா மஸாஹிரா கண்ணு கலங்கியிருக்கு.

"என்னா தம்பி சொன்னீங்க அந்தப் புள்ளய?"

"ஒண்ணுமில்லம்மா, மெஷின் கணக்குத்தான் பாக்கிறோம்."

"அதுல என்னா பாக்க இருக்கு? அஞ்சுதான்."

"அம்மா, பால் தேத்தண்ணி கெடைக்குமா?"

கெடைக்குமாவாம். முணுமுணுத்துக்கிட்டுப் போனேன். ரோட்டுல ஆட்டோ மோகனராஜ் நின்னாரு. அவருகிட்ட சொல்லிச் சொல்லி ஆத்தினேன்.

"பிஸ்கட் கேக்கலியாக்கா?"ன்னு சிரிக்கிறாரு. "கேப்பாரு, பொறுங்க."

பிஸ்கட் கேக்கல. பால் தேத்தண்ணியக் கொண்டு போய் வச்சதும், "இஞ்சி தட்டிப் போட்டா தொண்டைக்கு நல்லதும்மா"ங்கிறாரு. வீட்டுல இஞ்சி இல்ல. முக்குக் கடைக்கு நடந்தேன். கடைக்காரி மகளுக்கு மாப்பிள்ள பாத்த கதைய வேற கேக்க வேண்டியதாப் போச்சு. அது நல்ல கதைதான், பொறகு சொல்றேன்.

இஞ்சித் தேத்தண்ணியோட வந்தா, தம்பி பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

"வாறேம்மா. ஒங்களுக்குத்தான் கரைச்சல் குடுத்திட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

"எத்தின எழுதினாரு?"ன்னு உள்ள ஓடினேன்.

"மூணு"ன்னுச்சு மஸாஹிரா.

"படுபாவி."

"அப்படிச் செல்லாதீங்க அக்கா. நாளைக்கு கம்பனியில இருந்து ஆள் வந்து சாம்பல்ல கெடக்கிற இரும்ப எண்ணுவாங்களாம். ஒரு பொய் பிடிபட்டா, நெசமா எரிஞ்ச மூணுக்கும் ஒண்ணும் வராதாம். முந்தி ஈந்த எடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுறதுதானாம் இன்சூரன்ஸ். அதுக்கு மேல ஏத்தி விடாதாம்."

"அப்ப துணி?"

"அதையும் எழுதிட்டாரு. எனக்குச் சொந்தமில்லாத துணிக்கு எப்படிக் கேக்கிறதுன்னேன். 'ஒங்க பொறுப்புல ஈந்ததுதானே தாத்தா, அதையும் சேத்துத்தான் போட்டேன், நீங்க பாலிசிய வாசிக்கல்ல'ன்னு ஏசினாரு."

கையில இருந்த இஞ்சித் தேத்தண்ணிய அப்படியே தரையில வச்சேன்.

"இத நான் இருக்கிறப்பவே சொல்றதுக்கென்ன? என்ன மூணு தரம் அடுப்படிக்கு ஓட வச்சு..."

மஸாஹிரா ஜன்னல் பக்கம் கையக் காட்டிச்சு. ரெண்டு கோப்பையும் வச்சது வச்சபடி நெறைஞ்சு இருந்திச்சு. பால் தேத்தண்ணி ஆட கட்டியிருந்திச்சு.

"திங்கக்கெழமையில அவரு நோன்பு அக்கா."

அஞ்சு காட்டின அதே கையால மூணு கோப்பையையும் கழுவி வச்சேன்.