பதினோரு நொடி

“ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது,” என்றாள் மனைவி.

கட்டிலின் மேல் ஆபரேஷனை மறுக்கும் படிவம் கிடந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“பயமா இல்லையா?”

“போன மாசம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல.”

போனை என் பக்கம் திருப்பினாள். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களைப் பற்றிய ஆவணப்படம். எத்தனையாவது தடவையோ! திரையில் லாரி டிரைவர் ஒருவர் பேசினார்: “பெரிய வெளிச்சம் தெரிஞ்சுதுங்க. அப்படியொரு நிம்மதி. வாழ்க்கையில அதுக்கு முன்னாடி பட்டதே இல்ல.”

“பொய் சொல்ற மூஞ்சியா இது?”

“இல்ல. அவர் பொய் சொல்லல.”

“எனக்கும் அந்த நிம்மதி போதும்.”

ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். பேனாவை எடுத்தேன். மூடியைத் திறக்காமலே கீழே வைத்தேன்.

“அவர் இன்னும் பதினோரு நொடி பேசினார்,” என்றேன்.

“படத்துல இல்லையே?”

“படம் நீளமா இருக்குன்னு டைரக்டர் சொன்னார். எடிட்டர் நான்தானே, வெட்டிட்டேன்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்ன சொன்னார்?”

வார்த்தை மாறாமல் சொன்னேன்.

“‘கண்ணை நல்லா முழிச்சப்பதான் தெரிஞ்சுது, அது ஆபரேஷன் தியேட்டர் லைட்டுன்னு. பொழச்சுட்டோமேங்கிற நிம்மதிங்க அது.’”