ஒருத்தர் கையெழுத்து போதும்

"ஒருத்தர் கையெழுத்து போதும். உங்க ரெண்டு பேர்ல யார் போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தைக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள் நர்ஸ் எல்ஃபிதா.

கேட்டது அவ்வளவுதான். சுமத்ராத் தீவின் புக்கிட்டிங்கி நகர ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி காலை எட்டு மணிக்கே சூடு பிடித்துவிட்டது.

"புருஷன் நான் இருக்கிறப்ப வேற யார் போடுவாங்க?" என்றார் ஷாஃப்ரில்.

"தாய்மாமன் போடுவான்." கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார் டத்துக். குலத்துக்கே தலைவர். அந்தப் பட்டத்தைத் தவிர வேறு பெயர் சொல்லி அவரைக் கூப்பிட ஊரில் ஆளில்லை. "ரோஸ்மைனியைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த கையெழுத்து என்னுது. அவ பேருக்கு வயல் எழுதி வெச்சதும் என்னுது. ஏன், உங்களை மாப்பிள்ளையா எடுத்துக்கிட்ட கையெழுத்தே என்னுதுதான்!"

"முப்பது வருஷமா குடும்பம் நடத்தறது நான் மாமா."

"எங்க வீட்டுல நடத்தறீங்க. மாப்பிள்ளைன்னா வெட்டின மரத்து மேல கிடக்கிற சாம்பல். காத்தடிச்சா பறந்துடும்."

வீடும் நிலமும் பெண்களுக்கே என்றிருக்கும் ஊரில் அந்தப் பழமொழிக்கு எந்த மாப்பிள்ளையும் பதில் கண்டுபிடித்ததில்லை.

ரோஸ்மைனியின் மார்பில் கட்டி. புற்றுநோய் என்பதை ஊர் டாக்டர், வழக்கம்போல, அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவர்கள் இருவரிடம் மட்டுமே சொல்லியிருந்தார். உடனே அறுத்து எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 'வெறும் கொழுப்புக் கட்டி' என்று அவளிடம் சொல்லி, நேற்று மாலை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"நீயே சொல்லும்மா. சட்டப்படி ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்றது யாரு? மாமனா, புருஷனா?" என்று கேட்டார் டத்துக்.

எல்ஃபிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இல்லை டத்துக். நோயாளி பெரியவங்களா, நல்ல நினைவோட இருந்தா அவங்களேதான் சொல்லணும்."

"அப்போ அவளுக்கு என்ன நோய்னு சொல்லணுமே!" பதறினார் ஷாஃப்ரில்.

"சொல்லித்தான் ஆகணும். என்ன நோய், என்ன செய்யப் போறோம், செய்யாட்டி என்ன ஆகும், எல்லாம் தெரிஞ்சுக்கிறது அவங்க உரிமை."

கையெழுத்துக்கு முட்டி மோதிய இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

"மாமா, குலத்துக்கே பெரியவர் நீங்க. நீங்களே சொல்லிடுங்க."

"கட்டினவர் நீங்க இருக்கிறப்ப நான் எப்படி? நான் வெறும் மாமன்."

"சாம்பல் எப்படி மாமா பேசும்?"

எல்ஃபிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே கடையிலிருந்து, முட்டை அடித்துக் கலந்த தேநீர் இரண்டு வரவழைத்தாள். குடித்துக்கொண்டே சண்டை தொடர்ந்தது.

"அவளுக்கென்ன பயம்?" என்றார் டத்துக். "அன்னிக்கு நிலநடுக்கத்துல, அவ நடத்தற சோத்துக்கடையில சாப்பிட்டுட்டு இருந்த அத்தனை பேரையும் வெளியில அனுப்பி, அடுப்பையும் அணைச்சுட்டுக் கடைசி ஆளா வந்தவ! எங்க வம்சம்!"

"அவளுக்குப் பயமில்லை மாமா, தெரியும். எனக்குத்தான் பயமா இருக்கு" என்றார் ஷாஃப்ரில். "அவ முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

டத்துக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியாமலே செஞ்சுட முடியாதாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"முடியாது. அவங்க சொல்லச் சொல்லாம அவங்க விஷயத்தை உங்ககிட்ட நான் சொல்றதே தப்பு."

"எங்ககிட்டயா? நாங்க யாரு தெரியுமா?" என்று இருவரும் ஒரே குரலில் எகிறினார்கள். அதிலிருந்து அடுத்த சண்டை கிளம்பியது. அது ஓய்வதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது.

மேஜைத் தொலைபேசி அடித்தது. "சரி டாக்டர்" என்று கேட்டு வைத்த எல்ஃபிதாவின் முகம் மலர்ந்தது.

"இனிமே சொல்லலாம். ரோஸ்மைனி அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டியை முழுசா எடுத்தாச்சு. கண் முழிச்சதும் கடையில அடுப்பு பத்த வெச்சாச்சான்னு கேட்டாங்களாம்."

இருவரும் அவள் மேஜையருகே பாய்ந்து வந்தார்கள்.

"யாரு... யாரு சம்மதம் சொன்னது?"

"அவங்களேதான். நேத்தே டாக்டரை உட்கார வெச்சு ஒண்ணுவிடாம கேட்டுட்டு, கையெழுத்து போட்டுட்டாங்க."

"அப்போ இந்தக் காகிதம்?"

எல்ஃபிதா அதைத் திருப்பிக் காட்டினாள். நோயாளியைப் பார்க்க உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு.

டத்துக் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே நெஞ்சை நிமிர்த்தினார். "பார்த்தீங்களா! எங்க குலத்துப் பொண்ணு!"

"என் பொண்டாட்டி மாமா!" அழுதுகொண்டே சிரித்தார் ஷாஃப்ரில்.

"பெருமைக்குமா சண்டை? முதல்ல இதைப் படிங்க" என்று, ரோஸ்மைனி முந்தின நாள் தன்னிடம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினாள் எல்ஃபிதா.

'சிஸ்டர், என் புருஷனும் மாமாவும் ரொம்பப் பயந்த சுபாவம். காலையில் வந்ததும், யார் கையெழுத்துப் போடுவது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். நான் வெளியே வரும்வரை சண்டை போட்டே பயத்தை மறந்துவிடுவார்கள்.'