குளிர்ந்த டயர்

"ஊட்டியில இன்னிக்கு உறைபனியாம். லீவு சொல்லிடுங்களேன்."

"அப்புறம் முதலாளியோட குலுக்கலை யாரு வாங்குறது? உன் தம்பியா? அவன் டவுன் பஸ்லயே வாந்தி எடுக்கிறவன்" என்று சிரித்தபடி எபினேசர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டான்.

ஷைலா சிரிக்கவில்லை. ஊட்டியில் முதலாளி தன் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவார். பள்ளத்தில் கார் வாங்கும் அடி அவருக்குத் தெரியாது. அது, காரோடு இணைத்த, ஒரகடத்தில் இருக்கும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் முதுகில் வந்து விழும். அதுதான் கணவனின் வேலை. சென்னையில் கார் ஓட்டும் வேறொரு முதலாளி கிடைத்தும், குளிர்ந்த ஊர் என்றால் அடியும் இதமாக இருக்கும் என்று நினைத்து ஊட்டிக்காரரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். குளிரில் டயர் கல்லாக இறுகிவிடும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடானால்தான் இளகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. போன வாரம் அவன் முதுகெலும்பில் விரிசல் கண்டது. இன்னொரு பெரிய அடி விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டை தானாகப் பூட்டிக்கொண்டது. முதலாளி காரில் ஏறிவிட்டார். அவர் இறங்கும்வரை இனி அது திறக்காது. ஒலிபெருக்கியில் அவர் உற்சாகமாகச் சீட்டியடிப்பது கேட்டது.

முதல் பள்ளத்திலேயே எபினேசரின் சிரிப்பு அடங்கியது. அடுத்ததில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

"ஷைலா, என் கால்ல செருப்பு இருக்கா பாரு. எனக்குத் தெரியல."

செருப்பு இருந்தது. அவள் ஓடிப்போய் முதலாளியோடு பேசும் மைக்கைப் பிடித்தாள்.

"சார், டயர் சூடாகுற வரைக்குமாவது கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க சார்..."