மிச்சப்பட்ட நான்கு நிமிடங்கள்

பாளையங்கோட்டை ஆவுடையப்பனின் கைப்பேசி, வருகிற குரற்பதிவுகளில் பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். நாளொன்றுக்கு நாற்பது நிமிடங்கள் மிச்சமென்று அவர் எதிர்ப்படுவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

பெண் பார்த்துச் சென்ற மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று, வெளியூரில் பணிபுரியும் மகள் செண்பகவடிவிடம் கேட்டிருந்தார். அவளிடமிருந்து நான்கு நிமிடக் குரற்பதிவொன்று வந்தது. கைப்பேசி அதனைச் சுருக்கி ஒரே விநாடியில் ஒலித்தது: "சரிப்பா."

"பாத்தியாட்டி, எவ்வளவு சட்டுன்னு சொல்லிட்டா!" என்றார் மனைவி கோமதியிடம்.

"மிச்ச நேரமெல்லாம் என்னங்க செஞ்சா?"

"ஒண்ணும் பேசல. சும்மா இருந்திருக்கா."

கோமதி கைப்பேசியின் அருகே வந்தாள். "நாலு நிமிசமா? அதப் போடுங்க, நான் கேக்கணும்."

"வெட்டுனதெல்லாம் குப்பைட்டி. அப்பவே அழிச்சிரும்."

"அப்ப அவளக் கூப்பிட்டுக் கேளுங்க."

"அதான் சரின்னுட்டாள்லா!"

மிச்சப்பட்ட நேரத்தை வீணாக்க மனமில்லாத ஆவுடையப்பன், அக்கணமே மாப்பிள்ளையின் தந்தையை அழைத்தார்.

"சம்பந்தி, நிச்சயதாம்பூலத்துக்கு நாள் பாருங்க. எங்க புள்ள ஒரு செகண்டுகூட யோசிக்கல!"