குளக்கட்டு இறக்கம்

“இடக்கை எது, வலக்கை எது எண்டு தெரியாததுகளெல்லாம் மெசின் பிடிக்க வந்திட்டுதுகள்!”

குளக்கட்டின் உச்சியில் குடை பிடித்து நின்ற தம்பிராசா முழங்கினார். அது அவருடைய நெடுநாள் வழக்கம். கோடையில் குளம் வற்றியதும் நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு வண்டல் மண் ஏற்றும் வேலை தொடங்கிவிடும். சில்லு எனப்படும் சக்கரம் இரண்டே கொண்ட உழவு மெசின் அவருடையது. ஓட்டுவது கூலிக்கு வந்தவர்கள். ஓட்டுபவர்களை ஏளனம் செய்யும் தொழிலை மட்டும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தாம் ஒருநாளும் அந்தக் கட்டால் மெசினை இறக்கியறியாதவர். கரையில் நின்றபடி மீனுக்கு நீச்சல் பழக்கும் கொக்கைப் போன்றவர்.

போர்க்காலத் தடையால் டீசல் கிடையாத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய அந்த மெசினின் நீண்ட கைபிடிகளின் கீழே பக்கத்துக்கு ஒரு பிடி உண்டு. இடப்பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டின் அடியில் இடப்பக்கம் ஊருக்குள் போகும் ஒழுங்கை, வலப்பக்கம் தோட்டத்துத் தண்ணீர் வடிந்து கோடையிலும் சேறாய்க் கிடக்கும் வெள்ளவாய்க்கால். பின்னால் பூட்டிய, மண் நிறைந்த இழுவைப் பெட்டியுடன் இறங்கிய மெசின், ஒழுங்கைக்குத் திரும்பாமல் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது. அதை ஓட்டிய கனகலிங்கம் சேறு வழிய எழுந்து வந்தான்.

“அண்ணை, சத்தியமா இடப்பிடியைத்தான் அமத்தினனான். அது வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போட்டுது.”

“பாத்தியளே! போன வருசம் உதே இடத்திலை விழுந்து கையை முறிச்ச முருகேசுவும் உந்தக் கதைதான் சொன்னவன். கள்ளு வெறியிலை இடம் வலமாத் தெரிஞ்சிருக்கும்! குடிகாரன் எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன்; இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறன்.”

கனகலிங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கூலியாட்கள், முருகேசுவின் பெயர் வந்ததும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“நான் குடிக்கிறேல்லை அண்ணை. வேணுமெண்டால் ஊதிக் காட்டுறன்.”

“உன்ரை வாயை மணந்து பாக்கவோ நான் இஞ்சை நிக்கிறன்? நாளையிலையிருந்து வேலைக்கு வராதை!”

மெக்கானிக் ஜெபநேசன் அழைத்துவரப்பட்டார். மெசினை ஒழுங்கைக்கு இழுத்து, நிமிர்த்தி, ஓட்டிப் பார்த்தார்.

“கம்பியெல்லாம் சரி அண்ணை. சமதரையிலை இடப்பிடியை அமத்த இடப்பக்கம்தான் திரும்புது.”

“கேட்டியோ கனகலிங்கம்? மெசின் சரி. உன்ரை மண்டைதான் பிழை!”

“பொறுங்கோ அண்ணை. இறக்கத்திலை வந்து...”

“இறக்கத்திலை என்ன, மெசினுக்கு மறதி வருமோ? விலகும் ஐசே, நான் ஓடிக் காட்டுறன்!”

பெட்டியில் மீண்டும் மண் ஏற்றப்பட்டது. தம்பிராசா குடையை மடக்கிக் கனகலிங்கத்தின் கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டின் உச்சியிலிருந்து மெசினை இறக்கினார்.

“எல்லாரும் வடிவாப் பாருங்கோ! இது இடக்கை. இது இடப்பிடி. இந்தா, அமத்திறன்!”

அழுத்தினார். மெசின் வலப்பக்கம் பாய்ந்தது.

வாய்க்காலிலிருந்து நான்கு பேர் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். நல்லவேளை, சேறு மெத்தையாக இருந்தது. ஜெபநேசன் தாம் தொடங்கிய வசனத்தை அமைதியாக முடித்தார்.

“சமதரையிலை எஞ்சின் சில்லை ஓட்டுது அண்ணை; இடப்பிடியை அமத்த இடச்சில்லுக்கு ஓட்டம் நிக்கும், வலச்சில்லு ஓடி இடப்பக்கம் திருப்பும். இறக்கத்திலை மண்பாரம் தள்ள, எஞ்சின் சில்லை ஓடவிடாமல் பிடிச்சு வைச்சிருக்குது. நீங்கள் இடப்பிடியை அமத்த, இடச்சில்லு எஞ்சின்ரை பிடியிலையிருந்து விடுபட்டு முந்தி ஓடும். மெசின் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்திலை பக்கப்பிடியைத் தொடவே கூடாது. எங்கடை தட்டை ஊரிலை ஆருக்கு உது தெரியும்?”

அடுத்த ஏளனத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“கனகலிங்கம், நாளைக்கு வெள்ளென வா” என்று மட்டும் சொன்னார் தம்பிராசா. பிறகு உடம்பைக் கழுவாமலே, தள்ளாடியபடி நடந்தார். தமது வீட்டுப் பக்கமாக அல்ல.

ஒழுங்கை முடிவிலிருந்த படலையை அவர் தட்டியபோது, திறந்தவள் பராசக்தி. தலை முதல் கால்வரை சேறாக நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒரு வருசமா மிதிக்காத படலை. வெறியிலை வழி மாறி வந்திட்டியளோ, அண்ணை?”

உடன்பிறந்த தங்கையின் கேள்விக்குத் தம்பிராசா தலையைக் குனிந்தார். அவளுக்குப் பின்னால், கோணலாய்ப் பொருந்திய வலக்கையோடு முருகேசு வந்து நின்றார். தம்பிராசா அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“ஓம் பிள்ளை, குடிச்சனான்தான். அண்டைக்கு உன்ரை மனிசன் எவ்வளவு குடிச்சவரோ, இண்டைக்கு நானும் அவ்வளவுதான்.”