வரப்போடு நின்ற செருப்பு

இளம் உழவர் திட்டத்தில் யாழினிக்கு அரசு இரண்டு ஏக்கர் நிலமும், விதைக்கும் உரத்துக்கும் பணமும், ஒரு ஜோடி செருப்பும் கொடுத்திருந்தது. வயலில் அவள் நடக்கும் நடையை எல்லாம் அந்தச் செருப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிடும்.

நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்த அதிகாரி ஆரோக்கியதாஸ், தலை சாய்ந்து அறுப்புக்கு நின்ற நெல்லைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"ஏம்மா, நீ ஒருநாள்கூட வயல்ல இறங்கலைன்னு எங்களுக்கு வருது. அப்ப இதை யாரு நட்டது?"

"நான்தான் சார். நட்டது, களை பறிச்சது எல்லாம் நான்தான்."

"உன் செருப்பு வரப்போட நின்னுடுச்சே?"

"வரப்புலதானே சார் கழட்டிப் போடுவோம்? நெல்லு நிக்கிற எடத்துல செருப்போட யாராவது இறங்குவாங்களா?"

நிலத்தைப் பறிப்பதா, விளைச்சலைப் பாராட்டுவதா என்று அவருக்குப் புரியவில்லை. கதிரையாவது தொட்டுப் பார்ப்போம் என்று காலை எடுத்து வைத்தார்.

"சார், செருப்பு..." என்றாள் யாழினி.

அவருடையதும் அலுவலகம் கொடுத்த செருப்புதான். கழற்றி அவளுடையதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டு இறங்கினார். நடு வயலுக்குப் போனதும் போன் அடித்தது. மேலதிகாரி.

"என்ன ஆரோக்கியதாஸ், வயலுக்குள்ள போகாம வரப்புலயே நின்னுட்டு இருக்கீங்க?"

"உள்ளதான் சார் நிக்கிறேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இங்க அப்படி வரலையே."

ஆரோக்கியதாஸ் குனிந்து பார்த்தார். நெல்லுக்குள் அவர் கால்கள் தெரியவில்லை.