பகாரியின் பெயர்

"பகாரி பேரு எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டு பாப்போம்" என்றாள் அம்மா.

சௌமு கடித்துக்கொண்டிருந்த மஹம்ரி ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய புத்தக வெளியீடு அப்போதுதான் முடிந்திருந்தது. மறுவாழ்வு இல்லத்தின் முற்றத்துக்கு மொம்பாசா பழைய நகரத்தின் பாதித் தெரு வந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சௌமுவின் தலை தெரிந்தால் கொடியில் காய்கிற துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடியவர்கள், இன்று வரிசையில் நின்று அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

தொண்ணூற்றாறு பக்கம். ஹெராயினுக்கு அந்தத் தெருக்களில் மாவு என்று பெயர். அந்த மாவில் அவள் விழுந்த கதையும், தினம் காலையில் மெதடோன் மாற்று மருந்து வரிசையில் நின்று நின்று எழுந்த கதையும்.

அம்மாவின் வளையலைத் திருடியது அதில் இருந்தது. கோட்டைச் சுவரோரம் ஊசியோடு கிடந்தது இருந்தது. இந்தப் பெண் எதையும் ஒளிக்கவில்லை என்று மேடையில் பேசியவர் மூன்று முறை சொன்னார்.

பகாரி மட்டும் அதில் இல்லை.

அவளைவிட இரண்டு வயது இளைய தம்பி. அதே மாவில் போய்ச் சேர்ந்தான். அவனைப் பற்றி எழுத நாலு தடவை உட்கார்ந்து பார்த்தாள். அவன் பெயரை எழுதினால் அடுத்த வரியையும் எழுதியாக வேண்டும். அந்த வரிக்குக் கை வரவில்லை.

அம்மாவுக்குக் குர்ஆன் எழுத்து மட்டும்தான் தெரியும். பத்திரிகையில் வருகிற ஆங்கில எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஓதுகிற பழக்கத்தில் இந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறந்தாள். கடைசிப் பக்கம் விரிந்தது.

"ஏன்டி முழிக்கிற? அவன் இல்லாம எழுதிருவியா நீ? ஒரே தட்டுல தின்ன புள்ளைங்க."

இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். இப்படி ஒரு பயம் சௌமுவுக்கு ஊசி போட்ட நாட்களில்கூட வந்ததில்லை.

எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிகிற அந்தப் பக்கத்தின் அடியில், தனியாக ஒரே ஒரு சொல் அச்சாகியிருந்தது.

அம்மாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"இதோம்மா."

அம்மா கறுப்பு அங்கியின் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். விரலை எடுக்காமல் பாத்திஹா ஓதினாள். மௌத்தான மகனுக்காக, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக.

பக்கத்து நாற்காலிப் பெண்களும் கையேந்தினார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் துஆ நேரத்தில் யார் அடுத்தவர் மடியிலிருக்கும் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள்?

"ஆமீன்" என்றார்கள். சௌமுவும் சொன்னாள்.

அந்தப் பெண்கள் காபி ஊற்றும் இடத்துக்கு எழுந்து போனார்கள். அம்மா புத்தகத்தை மூடித் திருப்பினாள்.

முன்னட்டையில் அதே சொல், பெரிதாக, சிவப்பில் இருந்தது.

அம்மா குனிந்து பார்த்தாள். அதே வளைவு, அதே ஐந்து எழுத்து. ஒவ்வொன்றாக விரலால் தடவி அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது. பகாரியை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைச் சௌமு பார்த்ததில்லை.

"அட்டையிலயும் தம்பி பேரையே போட்டுட்டியாடி, என் ராசாத்தி? உன் பேரக்கூடப் போட்டுக்கலியே நீ!"

சௌமு புத்தகத்தை வாங்கக் கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை.

'வேணாம்க்கா' என்று பின்வாங்கிய பதினேழு வயதுப் பையனின் கையைப் பிடித்து இழுத்து, முதல் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து மடக்கிவிட்டவளின் பெயரை, அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்தமிட்டாள்.